பழைய மல்லார்டு வாங்கலாமா? ஈஎல்34 ஆம்ப்பும் டியூப் மாற்றமும்

ஜனவரி 11

டியூப் என்பது பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வால்வு. ஈஎல்34, ஈசிசி83 எல்லாம் அதன் மாடல் பெயர்கள், மல்லார்டு பழைய இங்கிலாந்து பிராண்டு, ஹம் ஸ்பீக்கரில் இடைவிடாமல் கேட்கும் 'ம்ம்' இரைச்சல், வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட். இந்த இணைய இழையில் பட்டர்வொர்த் தம்பி கேட்டது, அவர் எழுதியபடியே:

"சீனாவில் செய்த டியூப் ஆம்ப் ஒன்றை செகண்ட்ஹேண்டாக எடுத்தேன். பின்வரிசையில் ஈஎல்34 நான்கு, முன்னால் ஈசிசி83 ஒன்று, ஈசிசி82 இரண்டு. குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் பாஸ் மெலிவு, பாட்டு நின்றதும் லேசாக ஹம் கேட்கிறது. பழைய மல்லார்டு ஈசிசி83 ஒன்று 450 வெள்ளிக்கு வந்திருக்கிறது. அதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?"

ஜனவரி 11, இரவு

வாங்காதீர்கள். இப்போதைக்கு.

முன்னால் இருக்கும் ஈசிசி83 சிக்னலைப் பெரிதாக்குகிறது. உங்களுடையதில் ஒரே டியூப்தான், அதன் ஒரு பாதி இடது பக்கம், மறு பாதி வலது பக்கம். ஈசிசி82 இரண்டும் அந்த சிக்னலை எதிரெதிர் அலைகளாகப் பிரித்துப் பின்வரிசைக்கு அனுப்புகின்றன. ஸ்பீக்கரை உண்மையில் தள்ளுவது ஈஎல்34 தான். பாஸ் மெலிவு, ஹம் இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது பின்வரிசையை.

மூன்று கேள்விகள். ஹம் இரண்டு ஸ்பீக்கரிலுமா, ஒன்றில் மட்டுமா? ஈஎல்34 எத்தனை வருடம் ஓடியது என்று விற்றவர் சொன்னாரா? பயஸ் (பாட்டு இல்லாதபோதும் டியூபில் ஓடும் கரண்டை அமைக்கும் அளவு) கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்? மூன்றாவதற்கு "பயஸ் என்றால் என்ன" என்று பதில் வந்தால் மல்லார்டை இன்னும் தள்ளிப் போடுங்கள்.

ஹம் ஒரு பக்கம் மட்டும் என்றால் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, இடது வலது ஈசிசி82 இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஹம் பக்கம் மாறினால் குற்றவாளி அந்த டியூப். மாறவில்லை என்றால் ஈஎல்34 ஜோடிகளையும் அப்படியே மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அதற்கு பயஸ் தெரிந்திருக்க வேண்டும். அவசரம் வேண்டாம்.

ஜனவரி 12

நேற்றே எழுதியிருக்க வேண்டியது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் அது தங்கும். அடித்தட்டைத் திறப்பதாக இருந்தால் மீட்டரை வைத்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் டியூப் ஆம்ப்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் அதன் விலைக்கு மல்லார்டு இரண்டு மூன்று வாங்கலாம்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். தலைப்புக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து லயத்தில் அப்பாவிடம் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. முன்பக்கம் பச்சையாக ஒளிரும் ட்யூனிங் கண். ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் பச்சை விரியும், விலகினால் ஒடுங்கும். சுவிட்சைப் போட்டு அரை நிமிடம் ஒன்றும் கேட்காது, அப்புறம் மெதுவாகக் குரல் ஏறி வரும். அந்த ரேடியோவின் டியூபை யாரும் "அப்கிரேடு" செய்ததில்லை. செத்தால் மாற்றினார்கள். டியூப் அன்றைக்கு பல்பு மாதிரி ஒரு சாமான்தான். தொலைபேசி நிலையம், தொலைக்காட்சி, ராணுவம் என்று லட்சக்கணக்கில் தேவைப்பட்டதால்தான் அத்தனை நல்ல தரத்தில் செய்தார்கள். இன்று நாம் பெட்டியோடு பூட்டி வைக்கும் ஈசிசி83 அந்தக் கூட்டத்தில் எஞ்சியது.

சரி, சர்க்கரைப் பொங்கல் கூப்பிடுகிறது.

ஜனவரி 16

ஈப்போ அண்ணன் மேலே எழுதியிருக்கிறார்: "ஈசிசி83 க்குப் பதில் ஈசிசி88 போடுங்கள், ஒன்பது பின் தானே, சத்தம் தெளியும்." அண்ணே, யாராவது நம்பி மாட்டிவிடப் போகிறார்கள்.

பின்களின் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்கள்) எண்ணிக்கை ஒன்றுதான், வயரிங் வேறு. ஈசிசி83 இன் ஹீட்டர் (உள்ளே சூடாகும் இழை) 4, 5 ஆம் பின்களில் முடிந்து நடுமுனை 9 இல் வருகிறது. 4 க்கும் 5 க்கும் இடையே 12.6 வோல்ட் கொடுக்கலாம், அல்லது இரண்டையும் இணைத்து 9 ஆம் பின்னோடு 6.3 கொடுக்கலாம். ஈசிசி88 இல் ஹீட்டர் 4, 5 க்கு இடையே 6.3 வோல்ட் மட்டும். 9 ஆம் பின் உள்ளே இருக்கும் ஷீல்டு. ஆகவே 12.6 வயரிங் உள்ள ஆம்ப்பில் ஈசிசி88 ஹீட்டர் கருகும், 6.3 வயரிங் உள்ளதில் எரியவே எரியாது. போதாததற்கு ஈசிசி88 பிளேட்டின் (டியூபுக்குள் உயர் வோல்டேஜ் ஏறும் தகடு) உச்ச வரம்பு 130 வோல்ட். ஈசிசி83 சாக்கெட்டில் அதைவிடக் கூடுதலாக இருப்பது சாதாரணம்.

ஒரே வயரிங்கில் உட்காரும் சொந்தக்காரர்கள் மூவர்: ஈசிசி81, 82, 83. அமெரிக்கப் பெயர் 12ஏடி7, 12ஏயூ7, 12ஏஎக்ஸ்7. பெருக்கும் அளவு ஏறக்குறைய 60, 17, 100. "83 இடத்தில் 82 போட்டால் சத்தம் மட்டும்தான் குறையும்" என்பார்கள். அப்படியில்லை. 83 ஒரு மில்லியாம்பியர் அளவில் வேலை செய்ய வைத்த ரெசிஸ்டர்களில் 82 ஐ உட்கார வைத்தால் அது தன் சுகமான இடத்தை விட்டு வேறெங்கோ நின்று வேலை செய்யும். போதாக்குறைக்கு அவுட்புட்டிலிருந்து முதல் நிலைக்கு ஃபீட்பேக் (பிழையைத் திருத்தத் திருப்பி அனுப்பும் ஒரு பங்கு சிக்னல்) வரும் ஆம்ப்பில், முன்னால் கெயின் (பெருக்கும் அளவு) குறைந்தால் ஃபீட்பேக்கும் குறையும். அதனால் டிஸ்டார்ஷனும் பாஸின் கட்டுப்பாடும் மாறும். கேட்பவருக்குப் புது டியூபின் "குணம்" என்று தோன்றுவது பாதி இதுதான்.

கெயின் கொஞ்சம் குறைய வேண்டும் என்று நினைப்பவருக்கு 5751 இருக்கிறது. பெருக்கும் அளவு 70, ஹீட்டர் 350 மில்லியாம்பியர், 83 ஐ விட 50 தான் கூடுதல். என் ஃபோனோ ஸ்டேஜில் (இசைத்தட்டுக்கான முன் ஆம்ப்) கொஞ்ச காலம் ஓடியது. நல்ல பிள்ளை.

ஜனவரி 19

ஞாயிறு காலை லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தைப் பக்கம் போனேன். வழக்கமாகப் பழைய மணிக்கூடு, துருப்பிடித்த ஸ்பேனர் விற்கும் ஒரு கிழவர் இன்று பிஸ்கட் டின் நிறைய டியூப் வைத்திருந்தார். பாதி டிவி டியூப், நமக்கு உதவாது. அடியில் இரண்டு ஈசிசி83, மஞ்சள் எழுத்தில் மல்லார்டு. தம்பியின் 450 வெள்ளி ஞாபகம் வந்ததால் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் கண்ணாடியின் மேல்முனை. உள்பக்கம் வெள்ளி நிறப் பூச்சு இருக்கும், அதுதான் கெட்டர், பேரியம். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை விழுங்குவது அதன் வேலை. காற்று புகுந்தால் அது பால் வெள்ளையாக மாறிவிடும். ஒன்று அப்படியே வெளுத்துப் போயிருந்தது. வைத்துவிட்டேன்.

அடுத்தது எழுத்து. கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தால் உண்மையான பழைய மல்லார்டு எழுத்து சுலபமாக உதிரும். அதனால்தான் அசலில் பலவற்றில் எழுத்து பாதி அழிந்திருக்கும். பளபளவென்று சாகாத எழுத்து என்றால் எனக்குச் சந்தேகம் வரும். எழுத்தை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். அடிக்க முடியாதது கண்ணாடியின் கீழ்ப்பகுதியில், பின்களுக்குச் சற்று மேலே மங்கலாகப் பொறித்த இரண்டு வரிக் குறி. நேர் வெளிச்சத்தில் தெரியாது, டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஈசிசி83 என்றால் மேல் வரி ஐ61, ஐ63 போல இருக்கும். கீழ் வரியின் முதல் எழுத்து ஆலை, 'பி' என்றால் பிளாக்பர்ன். அப்புறம் வருடத்தின் கடைசி இலக்கம், மாத எழுத்து, வாரம். வருடத்தில் ஒரே இலக்கம் என்பதால் 1961 ஆ 1971 ஆ என்று மேல் வரியையும் உள்கட்டையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இரண்டாவது டியூபில் அந்தக் குறியே இல்லை. கிழவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். டியூப் காலத்தின் கடைசியில் கம்பெனிகள் ஒருவரிடம் ஒருவர் வாங்கித் தம் பெயரை அடித்து விற்றன. மல்லார்டு பெயரோடு கிழக்கு ஜெர்மனி, ஹங்கேரி, யூகோஸ்லாவியா டியூப்கள் இருக்கின்றன. அவை மோசமும் அல்ல, ஆனால் பிளாக்பர்ன் விலை அவற்றுக்கு இல்லை. தெலெஃபுங்கன் என்றால் இன்னும் எளிது: பின்களுக்கு நடுவே, அடிக்கண்ணாடியிலேயே வார்த்த வைரக் குறி. மேலே மையில் அடித்த வைரத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது புதிதாகவும் "மல்லார்டு" கிடைக்கிறது. அது ரஷ்யாவின் சரத்தோவ் ஆலையில் செய்வது, பெயரின் உரிமையை அமெரிக்காவின் நியூ சென்சார் வாங்கிவிட்டது. டங்-சோல், ஜெனலெக்ஸ் கோல்டு லயன் பெயர்களும் அதே வீட்டுப் பிள்ளைகள். கெட்ட டியூப் இல்லை. பழைய விலை கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுங்கள்.

ஜனவரி 20

"டியூப் சத்தம் வெதுவெதுப்பு" என்று ஒருவர். கணக்குப் போடுவோமா? ஈஎல்34 ஹீட்டர் 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர். நான்குக்கு 37.8 வாட். சின்ன டியூப் மூன்றுக்கு ஆறு வாட்டை ஒட்டி. பயஸ் சரியாக வைத்தால் ஒவ்வொரு ஈஎல்34 பிளேட்டிலும் ஏறக்குறைய 17 வாட். மொத்தம் 110 வாட்டுக்கு மேல், ஒரு பாட்டும் போடாமலேயே. பினாங்கு மத்தியானத்தில் வெதுவெதுப்புக்குக் குறைவே இல்லை.

சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. அந்தச் சூட்டுக்கு ஏர்கோன் போடுவோம், இல்லையென்றால் மேலே ஃபேன். அந்த ஃபேன் சத்தத்துக்குக் கீழே இருக்கும் நுணுக்கத்துக்குத்தான் 450 வெள்ளி கொடுக்கப் போகிறோம். நான் கூர்ந்து கேட்பது இரவு பதினொன்றுக்கு மேல், மழை பெய்து குளிர்ந்திருந்தால், ஃபேனை அணைத்துவிட்டு. அப்போது மேல்மாடியில் யாராவது நாற்காலி இழுக்காமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 25

தம்பி அளந்து எழுதிவிட்டார். சபாஷ். அவருடைய ஆம்ப்பில் ஒவ்வொரு ஈஎல்34 கேத்தோடிலும் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 10 ஓம் ரெசிஸ்டர், மேலே அளக்க முனை. இடது பக்கம் 520, 310 மில்லிவோல்ட். வலது பக்கம் 470, 400. அதாவது 52, 31, 47, 40 மில்லியாம்பியர். பிளேட்டில் 450 வோல்ட்.

ஈஎல்34 பிளேட் தாங்குவது 25 வாட். இந்த மாதிரி புஷ்-புல் (இரண்டிரண்டு டியூப் எதிரெதிராக வேலை செய்யும்) ஆம்ப்பில் சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். 17.5 ஐ 450 ஆல் வகுத்தால் 39 மில்லியாம்பியர். கேத்தோடில் அளப்பதில் ஸ்கிரீன் என்ற இன்னொரு முனையின் கரண்டும் சேர்ந்து வரும், அதனால் 40 ஐ ஒட்டி நிறுத்தினால் பாதுகாப்பு. அவருடைய முதல் டியூப் 52 இல் 23 வாட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ராத்திரி விளக்கை அணைத்து அந்த டியூபைப் பாருங்கள் தம்பி. ஹீட்டரின் ஆரஞ்சு இருக்க வேண்டியதுதான். வெளியே தெரியும் சாம்பல் நிற பிளேட் சிவக்க ஆரம்பித்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். சீன உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்றால் 220 வோல்ட் என்று இருக்கும். நம் நாட்டில் பெயரளவு வோல்டேஜ் 2008 இல் 240 இலிருந்து 230 ஆனது, மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் வரை அனுமதி. அதாவது 216 முதல் 253 வரை எதுவும் ஒழுங்கான மின்சாரம்தான். என் வீட்டு மீட்டர் பெரும்பாலும் 240 க்கு மேல் காட்டும். 220 க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 245 கொடுத்தால் 6.3 வோல்ட் ஹீட்டர் 7.0 ஆகிறது. பிளேட் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். எந்தப் பிராண்டு டியூப் போட்டாலும் ஆயுள் குறையத்தான் செய்யும். "இந்தச் சீன டியூப் ஆறு மாதம்கூட நிற்கவில்லை" என்ற புலம்பல் நம் பக்கம் அடிக்கடி கேட்கிறது. அதில் எத்தனை டியூபின் தப்பு, எத்தனை சுவரின் தப்பு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

ஜனவரி 25, சற்றுப் பிறகு

மருந்து: டிரான்ஸ்ஃபார்மரில் 230 அல்லது 240 முனை இருக்கிறதா என்று உள்ளே பாருங்கள், பலதில் இருக்கும், மாட்டாமல் விட்டிருப்பார்கள். இல்லையென்றால் 20 வோல்ட் கழிக்கும் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரை வரிசையில் போடலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் இருக்கிறது, கேட்ட ரேட்டிங்கில் தேடிப் பிடிக்கலாம். இணைக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்தப் பக்கமும் அடிக்கும்.

ஜனவரி 29

சீனப் புத்தாண்டு. நேற்று நடு இரவிலிருந்து பட்டாசு, எதையும் கேட்க முடியவில்லை. தவுக்கே (சீன முதலாளி) கடைகளும் மூடியாயிற்று.

தம்பியிடமிருந்து செய்தி: டிரான்ஸ்ஃபார்மரில் 240 முனை இருந்ததாம், மாற்றியாயிற்று. நான்கு டியூபையும் 38 க்கு இறக்கிச் சமன் செய்தார். "அண்ணே, ஹம் கிட்டத்தட்ட போய்விட்டது, பாஸ் வந்துவிட்டது, எப்படி?"

மந்திரமில்லை. புஷ்-புல்லில் இரண்டு டியூபும் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கமும் எதிரெதிராக இழுக்கின்றன. இரண்டிலும் சம அளவு டிசி ஓடினால் இரும்பில் அது ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது, பவர் சப்ளையின் சிற்றலையும் அதே மாதிரி அடிபட்டுப் போகிறது. 52 உம் 31 உம் என்றால் மிச்சம் 21 மில்லியாம்பியர் இரும்பை ஒரு பக்கமாகக் காந்தமாக்கிவிடும். பாஸ் நோட்டுக்குத்தான் இரும்பு அதிகம் தேவை, அது முதலில் அடி வாங்கும். சிற்றலையின் மிச்சம் ஹம்மாகக் கேட்கும். அவர் கையில் இருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர்.

பிப்ரவரி 2

கிள்ளான் அண்ணன் கோபமாக: "அளவு பார்ப்பவன் காதால் கேட்பதில்லை. எல்லா டியூபும் ஒன்று என்று சொல்கிறாயா?"

அப்படிச் சொல்லவில்லை அண்ணே. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் டெஸ்ட் லைனில் வேலை பார்த்தவன், மீட்டரைத் தொடாமல் எனக்குத் தூக்கம் வராது, அது உண்மை. ஆனால் கேட்டும் பார்த்திருக்கிறேன். என் மகன் டியூபை மாற்றுவான், நான் வெளியே நிற்பேன், எது என்று சொல்ல மாட்டான். ஒவ்வொரு முறையும் ஒரே டோனைப் போட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்து சத்தத்தைச் சமன் செய்துவிடுவோம். இது இல்லாமல் எந்த ஒப்பீடும் வீண். இரண்டு ஈசிசி83 க்கு இடையே கெயின் கொஞ்சம் வேறுபடும், அரை டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது "விரிவு", "உயிர்" என்று எடுத்துக்கொள்ளும்.

ஈசிசி82 இடத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. சொல்லிப் பார்த்ததெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். ஆம்ப்பின் முதல் ஈசிசி83 இல் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஃபோனோ ஸ்டேஜில் தெளிவாகத் தெரிந்தது. காரணம் உண்டு: இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட், அதை நூறு மடங்கு பெருக்கும் இடம் அது. அங்கே டியூபின் சொந்த இரைச்சலும் அதிர்வுக்குச் சிணுங்கும் குணமும் நூறு மடங்காகி வரும். மழமழப்பான பிளேட் உள்ள தெலெஃபுங்கன் அங்கே அமைதியாக இருந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டு ஒன்று வைத்திருக்கிறேன், பழைய அழுத்தம், சீறும். அந்தச் சீற்றம் டியூபுக்கு டியூப் மாறுகிறது. சீர்காழியார் உச்சத்தில் 'ச' வை உதிர்க்கும்போதும் அப்படியே. அதனால் பழைய டியூபுக்குக் காசு போடத்தான் வேண்டும் என்றால் ஃபோனோவின் முதல் சாக்கெட்டில் போடுங்கள். என் அனுபவம் இவ்வளவுதான்.

பிப்ரவரி 3

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டு நினைத்தது. டியூப் மாற்ற இரண்டு நிமிடம், சூடாக இன்னும் சில நிமிடம். அதற்குள் முந்தைய சத்தத்தின் நினைவு மங்கிவிடும். ஃபோனோவில் எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் இரைச்சல், இசையின் "நிறம்" அல்ல. நிறத்தைப் பற்றி நான் இன்னும் சத்தியம் செய்யத் தயாராக இல்லை.

பிப்ரவரி 3, இரவு

சிணுங்குகிறதா என்று பார்க்க: ஓடும்போது சாப்ஸ்டிக் நுனியால் ஒவ்வொரு சின்ன டியூபையும் மெல்லத் தட்டுங்கள். மரச் சாப்ஸ்டிக், உலோகம் கூடாது. கொஞ்சம் 'டொக்' கேட்பது சகஜம். மணி அடித்தது போல நீண்டு ஒலித்தால் அந்த டியூபை ஃபோனோவிலிருந்து எடுத்து, பின்னால் கெயின் குறைந்த இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வீசிவிட வேண்டாம்.

பிப்ரவரி 8

ஈஎல்34 சாக்கெட்டில் கேடி88 (இன்னொரு வகைப் பின்வரிசை டியூப்) போகுமா என்று மூவர் கேட்டாயிற்று. உட்காரும். ஓடுமா என்பது வேறு.

ஹீட்டர் 1.5 க்குப் பதில் 1.6 ஆம்பியர், நான்குக்கு 0.4 கூடுதல், நல்ல டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும். பயஸ் வோல்டேஜ் வேறு, உங்கள் ஆம்ப்பின் திருகு அவ்வளவு தூரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். வாட் ஏறும் என்று நினைக்காதீர்கள். பிளேட் வோல்டேஜும் டிரான்ஸ்ஃபார்மரும் அதேதானே. கேடி120 என்றால் ஹீட்டர் கிட்டத்தட்ட 2 ஆம்பியர், அது வேண்டவே வேண்டாம்.

தலைகீழாகப் போவதில்தான் கண்ணி. கேடி88 ஆம்ப்பில் ஈஎல்34 போடுவதற்கு முன் முதல் பின்னைப் பாருங்கள். ஈஎல்34 பென்டோடு (ஐந்து முனை டியூப்), அதன் மூன்றாவது கிரிட்டுக்கு (உள்ளே இருக்கும் கம்பி வலை) முதல் பின்னில் தனி முனை. அது எட்டாவது பின்னோடு, அதாவது கேத்தோடோடு இணைந்திருக்க வேண்டும். கேடி88 க்கு அந்தத் தேவை இல்லை, ஆகவே சில ஆம்ப்களில் அந்த வயர் இருக்காது. பென்டோடு காப்புரிமை ஹாலந்தின் பிலிப்ஸ் கையில் இருந்ததால் இங்கிலாந்துக்காரர்கள் அதைச் சுற்றிப் போக, மூன்றாவது கிரிட் இல்லாமலேயே வளைவு நெளிவில்லாத நான்கு முனை டியூப், 'கிங்க்லெஸ் டெட்ரோடு', செய்தார்கள். 'கேடி' என்ற எழுத்தே அங்கிருந்து வந்ததுதான். கேடி66 1937 இல், கேடி88 1956 இல். மக்கின்டோஷின் எம்சி275 இல் 1961 இலிருந்து கேடி88 நான்கு. குவாட் டூவில் ஒவ்வொன்றிலும் கேடி66 இரண்டு. இந்த ஆம்ப்களின் புகழ் பாதி அவற்றின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போக வேண்டியது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி மாட்ட முடியாதே. அதனால் நாம் டியூபைப் பற்றிப் பேசுகிறோம்.

பிப்ரவரி 9

இதை எழுதாமல் விட்டால் இழை முழுமையாகாது. அடுத்த முறை புது டியூப் மாற்றும் முன், பழைய டியூபையே கழற்றி, அதையே திரும்ப மாட்டிக் கேளுங்கள்.

நம் கடல்காற்றில், இந்த ஈரப்பதத்தில், பின்னும் சாக்கெட்டும் கருக்கும். கழற்றி மாட்டும் உரசலில் அந்தப் படலம் போய்விடும். வித்தியாசம் தெரியும். புது டியூப் போட்டிருந்தால் புகழ் முழுக்க அதற்குப் போயிருக்கும். என் பக்கத்து பிளாக் நண்பர் வெகு நாள் கரகரத்த ஒரு சேனலுக்குப் புது ஈசிசி82 வாங்கினார், சத்தம் சுத்தமானது. பழையதைத் திரும்பப் போட்டபோதும் சுத்தமாகவே இருந்தது. கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா, பல் இடுக்குத் தூரிகை ஒன்று, ஆம்ப் ஆறியிருக்க வேண்டும், காய்ந்த பிறகே மின்சாரம். பெட்டியில் பல வருடம் கிடந்த பழைய டியூபின் பின்களையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

பிப்ரவரி 11

தைப்பூசம். விடிய விடிய தண்ணீர்மலை ரோட்டில். தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர் மலை, ஒன்றின் பாட்டு முடியுமுன் அடுத்ததன் பாட்டு நெஞ்சில் இடிக்கும். ஒரு பந்தலில் சவுண்ட் பார்க்கும் பையனிடம் முன்பு இதெல்லாம் டியூபில் ஓடியது என்றேன். "அப்போ எத்தனை வாட் அங்கிள்?" என்றான். கூம்பு ஸ்பீக்கருக்கு ஐம்பது வாட் இருந்தால் ஊருக்கே கேட்கும் என்றேன். நம்பவில்லை. காதில் இன்னும் ரீங்காரம், இன்றைக்கு எந்த டியூபைப் பற்றியும் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 16

புது ஈஎல்34 எது என்ற கேள்வி. இன்று பெரிய அளவில் செய்பவர்கள் விரல் விட்டு எண்ணலாம்: சுலோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவில் சரத்தோவ், சீனாவில் பிஸ்வான். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது எல்லாரும் பீதியில் வாங்கிக் குவித்தார்கள், விலை எகிறியது. ஒரே ஆலை இத்தனை பெயர்களுக்குப் பின்னால் இருந்தது பலருக்கு அன்றுதான் உறைத்தது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஜார்ஜியா மாநிலத்தில் 300பி செய்கிறது, அது நம் சாக்கெட்டுக்கு இல்லை.

தம்பிக்கு நான் சொன்னது: பொருந்திய நான்காகப் புது ஈஎல்34, எந்தப் பிராண்டானாலும், வோல்டேஜும் கரண்டும் எழுதி ஒட்டிய பெட்டி. கடைக்காரர் "மேட்ச்டு" என்று வாயால் சொல்வது கணக்கில்லை. பின்வரிசை டியூப் சில ஆயிரம் மணி நேரத்தில் தேயும் சாமான், சின்ன டியூப் அதைவிடப் பல மடங்கு ஓடும். 450 வெள்ளியைத் தேயாத இடத்தில் போட்டு, தேய்ந்ததை அப்படியே விட்டால் கணக்கு உதைக்கும். பழைய நான்கில் 40 காட்டியதையும் 47 காட்டியதையும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடியில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதுங்கள், கண்ணாடியில் எழுத வேண்டாம்.

பிப்ரவரி 17

இடி மின்னல் காலம் வருகிறது. பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. ஆஸ்ட்ரோ டிவி வயர், இன்டர்நெட் வயர் ஆம்ப்போடு இணைந்திருந்தால் அதையும்.

பிப்ரவரி 23

ஈப்போ அண்ணன் மறுபடி: தன் பழைய ஆம்ப்பில் ரெக்டிஃபயர் டியூப் (ஏசியை டிசியாக்குவது) ஜிஇசட்34, பதிலாக 5யு4 கிடைக்கிறது, "சத்தம் மென்மையாகுமாம்" போடலாமா?

அண்ணே, இந்த முறை நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஹீட்டர் 5 வோல்ட், ஆனால் ஜிஇசட்34 இழுப்பது 1.9 ஆம்பியர், 5யு4 மூன்று ஆம்பியர். அந்தச் சுற்று தாங்குமா என்பது முதல் கேள்வி. அடுத்து, 5யு4 இல் வோல்டேஜ் அதிகம் விழும், பிளேட் வோல்டேஜ் இறங்கும், பயஸைத் திரும்பப் பார்க்காமல் கேட்டால் நீங்கள் கேட்பது அந்த இறக்கத்தைத்தான். இன்னொன்று: ஜிஇசட்34 மெதுவாகச் சூடாகும், அதற்குள் மற்ற டியூப்களும் தயாராகிவிடும். 5யு4 சட்டென்று விழித்துக்கொள்ளும், மற்றவை தூங்கும்போதே முழு வோல்டேஜையும் கப்பாசிட்டர்களில் ஏற்றும். அவை பழசு என்றால் பொறுக்காது.

ரெக்டிஃபயருக்குப் பின்னால் நிற்கும் முதல் கப்பாசிட்டருக்கும் வரம்பு உண்டு, ஜிஇசட்34 க்கு 60 மைக்ரோஃபாரட். ரிப்பேர் பார்த்தவர்கள் "பெரிசாகப் போட்டால் ஹம் குறையும்" என்று 100 போட்டிருப்பார்கள். அது இருந்தால் எந்த ரெக்டிஃபயரும் நிற்காது. அடித்தட்டைத் திறந்து, சார்ஜ் இறங்கியதும், அந்தக் கப்பாசிட்டர் மேல் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை வோல்ட் என்று படித்துப் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுங்கள். அது வரைக்கும் 5யு4 பெட்டியிலேயே இருக்கட்டும்.